தனசேகரனின் சுத்தியும் மூன்றாம் தூணும்

ஐயம்பேட்டைத் தனசேகரனைப் புதுவீடு புகும் விழாவுக்கு இப்போது யாரும் கூப்பிடுவதில்லை. ஒருமுறை கூப்பிட்டுப் பட்டவர்கள் மறுமுறை கூப்பிட மாட்டார்கள். வருவான், வாய் நிறைய வாழ்த்துவான், பந்தியில் உட்கார்ந்து மூன்று முறை சாம்பார் கேட்பான். அதுவரை நல்ல பிள்ளைதான். கை கழுவிவிட்டு வந்ததும் அவனுடைய சனியன் பிடித்த விரல் சும்மா இருக்காது. நடுவிரலை மடக்கிக் கூடத்துச் சுவரை டொக் டொக்கென்று தட்டிக்கொண்டே போவான். ஓரிடத்தில் நிற்பான். காதை வைப்பான். அப்புறம் பந்தியின் கடைசி இலைக்கும் கேட்கிற மாதிரி, "இங்க பொக்கு" என்பான்.

பூச்சு சுவரைப் பிடிக்காமல் உள்ளே காற்று புகுந்து நிற்பதற்குத்தான் பொக்கு என்று பெயர். கண்ணுக்குத் தெரியாது. தட்டினால் மட்டும் சத்தம் செத்துப்போய்க் கேட்கும். அண்ணன் மகன் ராமராஜன் வீட்டில் அவன் அப்படிச் சொன்ன இடம் மூன்றே மாதத்தில் பெயர்ந்து பிரிட்ஜின் தலையில் விழுந்தது. அதனால் ராமராஜன் சித்தப்பாவைத் தேடி வந்து கும்பிட்டான் என்று நினைத்தால் உங்களுக்கு மனிதர்களைத் தெரியாது. "கருநாக்குக்காரன், சொல்லியே விழவெச்சிட்டான்" என்று ஊர் முழுக்கச் சொன்னான். உண்மையைச் சொன்னவனுக்கு இரண்டாவது கரண்டி பாயசம் எந்த ஊரிலும் விழுந்ததில்லை.

தனசேகரனும் லேசுப்பட்ட ஆள் இல்லை. தனக்குத் தெரிந்தது தன்னைத் தவிர வேறு எவனுக்கும் தெரியாது என்பது அவனுடைய கட்சி. கொத்தனாரைப் பார்த்தால் இளக்காரம், காண்டிராக்டரைப் பார்த்தால் அருவருப்பு, கடன் வாங்கி வீடு கட்டி வாசலில் பூசணிக்காய் கட்டித் தொங்கவிட்டிருப்பவனைப் பார்த்தால் சிரிப்பு. யார் என்ன பேசினாலும் அவனிடமிருந்து ஒரே பதில்தான் வரும்: "உனக்கு இன்னா தெரியும்?" பால்காரனுக்கும் அதே பதில், பஞ்சாயத்துக்காரனுக்கும் அதே பதில். முப்பது வருஷமாகக் கூட வாழும் பெண்டாட்டி செல்லியம்மாளுக்கு அது ஒரு நாளைக்கு நாலு தரம் கிடைக்கும்.

இந்தத் திமிரை அவன் சும்மா சம்பாதிக்கவில்லை. அப்பன் அடுத்தவன் நிலத்தில் குனிந்தே முதுகு கூனியவர். மகனுக்குக் கொடுக்க ஒரு சாண் மண் இல்லை. பதினாறு வயதில் தனசேகரன் கல்குவாரிக்குப் போனான். பாறையைப் பிளப்பதற்கு முன் சுத்தியால் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல பாறை கணீரென்று பேசும். உள்ளே கீறல் ஓடியிருந்தால் ஈர மண்ணில் அடித்த மாதிரி மழுங்கும். அதைக் கேட்காமல் ஏறி நின்று உளியடித்தவன் ஒருத்தன் பாறையோடு போய்ச் சேர்ந்தான். அன்று முதல் தனசேகரன் கண்ணை நம்புவதை விட்டான். கோவிலுக்குக் கல் எடுக்க வருகிறவர்கள் தட்டிப் பார்த்து ஆண் கல், பெண் கல் என்று பிரிப்பார்கள். "கல்லுக்கு ஜாதகம் பாக்கறானுங்க. நல்ல கல்லு, கெட்ட கல்லு, அவ்ளோதான்" என்று எச்சில் துப்புவான்.

குவாரி மூடிய பிறகு தரைக்கு டைல்ஸ் ஒட்டும் வேலை. அங்கேயும் மூங்கில் குச்சியால் தட்டித் தட்டித்தான் அடியில் கலவை இல்லாத டைல்ஸைப் பிடிக்க வேண்டும். ஒரு வீட்டில் இருபத்திரண்டு டைல்ஸைத் தானே பெயர்த்துப் போட்டுவிட்டான், ஒட்டியது அவனுடைய மேஸ்திரி. அத்தோடு அந்த வேலையும் போயிற்று. கடைசியாக வந்து சேர்ந்த இடம் குமரகுருவின் ஆபீஸ்.

குமரகுரு பிள்ளையார்பாளையத்துப் பையன். வீட்டில் நாலு தறி. அப்பா, பெரியப்பா, சித்தப்பா எல்லாரும் தறிக்குழியில் கால் போட்டவர்கள். இவன் ஒருத்தன் மட்டும் சென்னையில் எம்.இ. படித்துவிட்டு வந்து, பேருந்து நிலையத்துப் பக்கம் மாடியில் ஓர் அறை பிடித்து, 'கட்டடங்களின் மருத்துவர்' என்று பலகை மாட்டினான். மருத்துவருக்குக் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் இல்லாத குறையை லேப்டாப் தீர்த்து வைத்தது. கான்கிரீட்டில் வைத்து அழுத்தினால் எகிறி எண் காட்டும் ஒரு சுத்தி, ஒலி தூணுக்கு இந்தப் பக்கம் புகுந்து அந்தப் பக்கம் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளக்கும் ஒரு பெட்டி, சுவரில் ஒட்டினால் நடுக்கத்தைக் கோடாக வரையும் தீப்பெட்டி அளவு அதிர்வுமானிகள் நாலு. இவற்றைச் சுமக்க, சுவரைத் தேய்த்துக் கொடுக்க, கிரீஸ் தடவ ஓர் ஆள் வேண்டுமே, அதற்குத்தான் தனசேகரன்.

மெஷினைத் தனசேகரன் ஒருநாளும் இகழ்ந்ததில்லை. நான் விரலால் கேட்பதை அது கம்பியால் கேட்கிறது, அதுவும் என் ஜாதிதான் என்று அதைத் துடைத்துத் துடைத்து வைப்பான். அதற்கு முதலாளியாக வாய்த்தவனை நினைத்தால்தான் அவனுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு தூணைக்கூடக் கையால் தொடாமல் தூணுக்கு நோய் சொல்லுகிற ஆள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இந்தச் சுரைக்காய்க்கு விசிட்டிங் கார்டு வேறு.

போன வருஷம் பிள்ளையார்பாளையத்து நெசவாளர் சங்கம் ஒன்று தன் கட்டடத்தைச் சோதிக்கக் குமரகுருவைக் கூப்பிட்டது. வீட்டில் தறி போட இடமில்லாதவர்களுக்காகக் கட்டிய கூடம் அது. கீழே பன்னிரண்டு தறி. மாடி காலி. மாடியிலும் ஆறு தறி போட வேண்டும் என்று தலைவர் திருஞானசம்பந்தத்துக்கு ஆசை. அதற்குக் கட்டடம் தாங்கும் என்று சான்று வேண்டும். கூடத்தின் நடுவில் வரிசையாக நாலு தூண்கள். மூன்றாவது தூணைச் சுற்றித்தான் எட்டுப் பெண்கள் ராட்டையோடு உட்கார்ந்து, நெசவுக்குக் குறுக்கே ஓடும் பட்டு இழையைத் தாரில் சுற்றிக் கொடுப்பது வழக்கம். தார் என்பது, தறியில் இப்படியும் அப்படியும் ஓடுகிற நாடாவுக்குள் போகிற விரல் நீளக் குழல். தார் இல்லாவிட்டால் தறி வெறும் மரச்சட்டம். அந்த எட்டுப் பேரில் செல்லியம்மாளும் ஒருத்தி.

சோதனைக்குப் போன வியாழக்கிழமை கூடம் முழு வேகத்தில் இருந்தது. இழையை இறுக்கும் பலகைகள் பன்னிரண்டும் மாறி மாறி அடித்தன. தரை கிடுகிடுத்தது. பெண்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல், தனசேகரன் தூண்களில் மானியை ஒட்டிவிட்டுச் சொன்னான்.

"சார், தறி ஓடிக்கினு இருக்குது. நிறுத்தச் சொல்லட்டா?"

"எந்தத் தறி?" என்றான் குமரகுரு.

தனசேகரன் அவனை உற்றுப் பார்த்தான். கிண்டல் இல்லை. அவனுக்கு உண்மையிலேயே கேட்கவில்லை. தறிக்குழிக்கு மேலே தூளி கட்டித் தூங்க வைத்த பிள்ளை. பால் குடிக்கும்போது தறி, பள்ளிப் பாடம் படிக்கும்போது தறி, அம்மா அழும்போதும் தறி. அந்தத் தெருவில் பிறந்தவர்கள் எல்லாரும் சண்டைக்குப் போகிற மாதிரி கத்திப் பேசுவார்கள், ஏன் கத்துகிறோம் என்று அவர்களுக்கே தெரியாது. பொறியாளர் காதில் தறிச்சத்தம் விழுந்து எத்தனை வருஷமாயிற்றோ.

மூன்றாவது தூணின் கோடு மட்டும் திரையில் தாறுமாறாகத் துள்ளியது. தனசேகரனும் தன் சுத்தியால் தட்டிப் பார்த்தான். இடுப்புயரத்திலிருந்து தலையுயரம் வரை செத்த சத்தம். உள்ளே கம்பி துருப்பிடித்து வீங்கிக் கான்கிரீட்டை உடைத்துவிட்டிருக்கிறது. தூண் சரியில்லை என்பதில் இருவருக்கும் முதல்முறையாக ஒத்துப்போனது. குமரகுரு மட்டும், 'அருகிலுள்ள சாலையின் கனரக வாகனப் போக்குவரத்தால் ஏற்படும் அதிர்வு' என்று அறிக்கை எழுதினான். அந்தச் சந்தில் ஆட்டோவே தலையைக் குனிந்துகொண்டுதான் நுழையும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையில் காக்கைக்கு எம்.இ. பட்டம் கொடுத்தால் இப்படித்தான் எழுதும்.

ரிப்பேர் வேலை சந்தோஷ்குமார் என்ற காண்டிராக்டருக்குப் போயிற்று. தலைவருடைய மனைவிக்கு அவன் தம்பி என்பதைத் தவிர அவனிடம் வேறு தகுதி எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. பழைய கான்கிரீட்டைக் கம்பி தெரியும்வரை வெட்டியெடுத்து, துருவைச் சுரண்டி, புதுக்கம்பி கட்டி, கலவை ஊற்ற வேண்டும். அவன் தூணைச் சுற்றித் தார்ப்பாய் கட்டிக்கொண்டான். உள்ளே நாலு நாள் என்ன நடந்தது என்று அந்தத் தார்ப்பாய்க்குத்தான் தெரியும். ஐந்தாம் நாள் பாயை அவிழ்த்தபோது தூண் பச்சை வண்ணத்தில் பளபளத்தது. சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்து மாலையும் போட்டாயிற்று. பார்த்தவர்கள் கையெடுத்துக் கும்பிடாத குறை.

மறு சோதனைக்குத் தலைவர் குறித்துக் கொடுத்த நாள் அமாவாசை. அன்று நெசவாளி தறியில் கை வைக்க மாட்டான். கூடம் காலியாக இருக்கும், வேலையும் கெடாது, என்ன ஒரு யோசனை! ஒலியை அளக்கும் பெட்டியும் எண் காட்டும் சுத்தியும் அன்றைக்குப் பார்த்துச் சென்னையில் ரிப்பேருக்குப் போயிருந்தன. மானிகள் மட்டும்தான். ஒட்டினார்கள். பன்னிரண்டு தறியும் ஊமையாக நின்றன. திரையில் கோடு ஏரித்தண்ணீர் மாதிரி அசையாமல் கிடந்தது.

"பாருய்யா," என்றான் குமரகுரு. "தொண்ணூத்தாறு சதவீதம் அதிர்வு குறைஞ்சிருக்கு. இதுதான் சயின்ஸ்."

தனசேகரன் தன் சுத்தியை எடுத்துத் தூணைத் தட்டினான். போன முறை கேட்ட செத்த சத்தம் இந்த முறை இன்னும் ஆழத்திலிருந்து வந்தது. காலி டின்னைத் துணியில் சுற்றித் தட்டினால் வருமே, அது.

"சார், உள்ள ஒண்ணுமே இல்ல. மேல பூசி வெச்சிருக்கறான். இன்னிக்கி அமாவாச சார். தறி ஓடல. அதான் கோடு சும்மா கெடக்குது. நாளைக்கி ஓடும்போது வெச்சிப் பாரு சார்."

"தறிக்கும் தூணுக்கும் என்னய்யா சம்பந்தம்? நான் பொறந்ததே தறிவீட்டுல. எங்க வீடு என்ன ஆடிக்கிட்டா இருக்கு?" குமரகுரு லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கிரீஸ் டப்பாவை மூடி வை. உனக்கு என்ன தெரியும்?"

முப்பது வருஷமாக ஊருக்கெல்லாம் அள்ளிக் கொடுத்த வார்த்தை, வட்டியோடு திரும்பி வந்து மூஞ்சியில் விழுந்தது. தனசேகரனுக்குக் காது மடல் சுட்டது. டப்பாவை மூடினான். குமரகுரு அங்கேயே உட்கார்ந்து சான்றிதழில் கையெழுத்துப் போட்டான். மறுநாள் காலை பூஜை. மாடியில் ஆறு தறி ஏற்கெனவே ஏற்றி நிறுத்தியாயிற்று. கீழே பன்னிரண்டு, மேலே ஆறு, எல்லாம் சேர்ந்து அடிக்கப் போகின்றன. அந்தத் தூணின் காலடியில் செல்லியம்மாள் ராட்டையோடு உட்கார்ந்திருப்பாள்.

நேராகத் தலைவர் வீட்டுக்குப் போனான். திருஞானசம்பந்தம் நெற்றி நிறையத் திருநீறோடு வாசலில் நின்றிருந்தார். தனசேகரன் சொன்னதை முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"ஏம்பா, இந்த ஊர்ல நீ பொக்குன்னு சொல்லாத சுவர் ஒண்ணு காட்டு, பாப்போம். என் பொண்ணு கல்யாணத்துல மண்டபத்துத் தூண தட்டி மாப்பிள வீட்டாங்கள பயமுறுத்துனியே, மறந்துட்டியா? மெஷின் சொல்லிடுச்சி, எஞ்சினியர் சொல்லிட்டாரு. ஊரே ஒண்ணு சொன்னா நீ ஒண்ணு சொல்லணும், அதான உன் வியாதி?"

அந்த மண்டபத்துத் தூணும் பொக்குதான். ஆனால் சொல்ல வேண்டாத இடத்திலெல்லாம் சொல்லித் தீர்த்தவனை, சொல்லியே ஆக வேண்டிய இடத்தில் எவன் நம்புவான்? வாயிலிருந்த மதிப்பை வழியெல்லாம் துப்பிவிட்டு வந்தவன் அவன். ஷேர் ஆட்டோ பிடித்து ஐயம்பேட்டைக்குத் திரும்பினான்.

விளக்கு வைக்கிற நேரத்தில் வீட்டுக்குள் நுழைந்தவன் காலில் அரிசி டிரம் இடித்தது. பின்சுவர் ஓரமாக இருக்க வேண்டிய டிரம் நடுவீட்டில் நின்றது.

"இத்த யாரு நடுவுல கொண்டாந்து வெச்சது? அறிவு இருக்குதா? உனக்கு இன்னா தெரியும்..." என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்தினான். இன்று அந்தச் சொல் வாய்க்குள் கசந்தது. கட்டை விரலைத் தேய்த்துக்கொண்டே உட்கார்ந்து, "செல்லி, நாளைக்கி நீ வேலைக்குப் போவாத. அந்த மூணாவது தூணு உள்ள காலி. விழுந்தா உன் தலைமேலதான் விழும்" என்றான்.

செல்லியம்மாள் முறத்தில் இருந்த பருப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"நானு அந்தத் தூணாண்ட குந்தறத வுட்டே பத்து மாசம் ஆவுது."

"இன்னா சொல்ற?"

"முதுக சாய்ச்சிக்கினு சுத்துவோம் இல்ல. மத்த தூணு சும்மா இருக்கும். அது மட்டும் ஒவ்வொரு அடிக்கும் முதுகுல சுருக்சுருக்குனு ஏறும். மொதல்ல நாந்தான் சொன்னேன். அப்புறம் எட்டு பேரும் ஒருத்தர் மாத்தி ஒருத்தர் சாஞ்சி பாத்தோம். ராட்டைய எல்லாம் அந்தாண்ட சுவருக்கு மாத்திக்கினோம். தலைவராண்ட சொன்னோம். பொம்பள பேச்சுன்னு சிரிச்சாரு. ரிப்பேரு பண்ணதுக்கு அப்புறமும் நாலு நாளு சாஞ்சி பாத்தேன். அப்பிடியேதான் இருக்குது."

தனசேகரன் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். மெஷினுக்கு முன்னால், சுத்திக்கு முன்னால், அவன் வீட்டுக்குள்ளேயே ஒரு முதுகு அதைக் கேட்டிருக்கிறது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறான்.

"எனுக்கு ஏன் சொல்லல?"

இப்போது அவள் நிமிர்ந்து பார்த்தாள். கோபம்கூட இல்லை. "சொன்னா நீ இன்னா சொல்லுவ? அத்தத்தான் சொல்லுவ. அதுக்குப் பருப்பு பொறுக்கலாம்." திரும்பப் பருப்பில் குனிந்தாள். ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்துவிட்டு, "வேலைக்குப் போவாம இருந்தா நான் பொழச்சிக்குவேன். மாடிலயும் கீழயும் இருக்கறவங்க? நாளைக்கி நாங்க எட்டு பேரும் போவோம். உள்ள போவ மாட்டோம்" என்றாள்.

காலையில் சங்கத்து வாசலில் மாவிலைத் தோரணம், ஒலிபெருக்கி, ரோஜா மாலை. மருத்துவர் குமரகுரு தன் வித்தையை ஊருக்குக் காட்டப் பெரிய டி.வி. ஒன்றைக் கொண்டுவந்து கூடத்தின் வாசலில் நிறுத்தியிருந்தான். மூன்றாவது தூணில் மானி ஒட்டியபடி இருந்தது. ரிப்பேருக்கு முன் துள்ளிய கோட்டை ஒரு பக்கம் சிவப்பில் போட்டு, இன்றைய கோட்டை மறுபக்கம் பச்சையில் நேரடியாகக் காட்டினான். பச்சைக் கோடு சாதுவாகப் படுத்திருந்தது. கூட்டம் கை தட்டியது. சந்தோஷ்குமார் வெள்ளைச் சட்டையில் எல்லாரையும் பார்த்துக் கும்பிட்டான்.

எட்டுப் பெண்களும் ராட்டைகளைத் தூக்கிக்கொண்டு வந்து தெருவில், எதிர்வீட்டு நிழலில் வரிசையாக உட்கார்ந்தார்கள். ராட்டை சுற்றவில்லை. தலைவர் இரண்டு முறை ஆளனுப்பினார். மூன்றாம் முறை அவரே வந்தார்.

"நல்ல நாளு அதுவுமா என்னம்மா இது?"

"உள்ள வர பயமா இருக்குது தலைவரே," என்றாள் செல்லியம்மாள். "தூணு சரியில்ல. எங்களுக்குத் தெரியும். வந்து குந்த மாட்டோம்."

"பொழுது போவலன்னா வேற எங்கயாவது போய் விளையாடுங்க," என்று சொல்லிவிட்டு அவர் பூஜைக்குத் திரும்பினார்.

கற்பூரம் காட்டியாயிற்று. நெசவாளிகள் முந்தாநாள் மிச்சமிருந்த தாரை நாடாவில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். முதலில் கீழே ஒரு பலகை அடித்தது. பிறகு இன்னொன்று. மாடியில் ஆறும் சேர்ந்துகொண்டன.

டி.வி.யில் பச்சைக் கோடு திடுக்கிட்டு எழுந்தது. பக்கத்தில் இருந்த சிவப்பைத் தாண்டி எகிறியது. கை தட்டிக்கொண்டிருந்தவர்கள் தட்டுவதை நிறுத்தினார்கள். குமரகுரு ஓடிப்போய் ஒயரை ஆட்டினான். "லூஸ் கனெக்‌ஷன், லூஸ் கனெக்‌ஷன்" என்று கத்தினான். ஒயர் கல் மாதிரி இறுக்கமாக இருந்தது, அதைச் செருகியது தனசேகரன். தனசேகரன் ஒரு தரம் அந்தத் தூணைப் பார்த்தான், ஒரு தரம் மாடியைப் பார்த்தான். "எழுந்து வாங்கப்பா, வெளிய வாங்க" என்று கை வீசிக் கூவினான். கூப்பிட்டது, சுவர் தட்டுவதால் ஊர் பட்டப்பெயர் வைத்த 'தட்டு தனசேகர்' என்றதும் உள்ளே ஒருத்தனும் தலையைத் திருப்பவில்லை.

மிச்சத் தார் எவ்வளவு நேரம் வரும்? ஒரு தறி நின்றது. "தாரு தீந்து போச்சி" என்று குரல் வந்தது. இன்னொன்று நின்றது. மாடியில் இரண்டு. நிற்க நிற்க டி.வி.யில் கோடு ஒவ்வொரு படியாக இறங்கியது. கடைசித் தறி நின்றபோது பச்சைக் கோடு பழையபடி படுத்துவிட்டது. கூட்டம் தறியைப் பார்த்தது, டி.வி.யைப் பார்த்தது. சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டியிருக்கவில்லை. குமரகுரு கூடத்து வாசலில் அசையாமல் நின்றான். பிறந்ததிலிருந்து காதில் விழாத தறி, நின்ற பிறகு அவனுக்குக் கேட்டிருக்க வேண்டும்.

செல்லியம்மாள் மடியிலிருந்து இரண்டு தார்களை எடுத்துக்கொண்டு வாசல்வரை வந்தாள். வாசற்படியை மட்டும் தாண்டவில்லை.

"எஞ்சினியர் தம்பி, தூணுக்குத் தள்ளி, வாசலாண்ட இருக்கற ரெண்டு தறிய மட்டும் ஓட்டிப் பாக்கறியா? மத்தவங்க வெளிய வந்துரட்டும். மொதல்ல அந்தத் தீப்பொட்டி மாதிரி இருக்கறத நாலாவது தூணுல ஒட்டு. அப்புறம் மூணுல ஒட்டு."

அவன் அவள் சொன்னபடியே ஒட்டினான். நாலாவது தூணில் கோடு லேசாகச் சிலிர்த்தது, அவ்வளவுதான். அதே இரண்டு தறி, மூன்றாவது தூணில் வைத்ததும் கோடு குதித்தது. அதுவரை மாடியிலேயே இருந்தவர்கள் படியில் இறங்கிய வேகத்தில் தோரணம் அறுந்து விழுந்தது. தலைவரின் திருநீறு வியர்வையில் வழிந்துகொண்டிருந்தது. சந்தோஷ்குமார் எப்போது வண்டியை எடுத்தான் என்று யாரும் பார்க்கவில்லை.

தனசேகரன்தான் இரும்பு ஜாக்கிகளைக் கொண்டுவரச் செய்து, தூணைச் சுற்றி உத்தரத்துக்கு முட்டுக் கொடுத்தான். அதற்குப் பிறகுதான் உளியை வைத்தான். மூன்றே அடியில் பச்சைப் பூச்சு பாளமாகக் கழன்று விழுந்தது. உள்ளே வெட்டியெடுத்த பள்ளத்தில் சுருட்டித் திணித்த சிமெண்டு மூட்டைக் காகிதம், செங்கல் துண்டு, ஈரச் சாக்கு. அதற்கு நடுவில் துரு தின்று பென்சில் தடிமனுக்கு இளைத்துப்போன பழைய கம்பிகள். இதற்குத்தான் சந்தனம் பூசி மாலை போட்டிருந்தார்கள்.

ஒரு பத்திரிகைக்காரர் வந்து சேர்ந்தார். தனசேகரனைச் சுத்தியோடு தூணுக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னார். "எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?"

தனசேகரன் ஒரு நொடி தெருப்பக்கம் பார்த்தான். செல்லியம்மாள் ராட்டையின் கயிற்றைச் சுருட்டிக் கட்டிக்கொண்டிருந்தாள். அவள் பெயரைச் சொல்ல வாயெடுத்தான். முப்பது வருஷத்தில் முதல்முறையாக ஊர் அவனைப் பார்த்து வாயைப் பிளந்து நின்றது. "சத்தம்தாங்க. நம்ம காதுக்குத் தப்பாது" என்றான். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான்.

இப்படிப்பட்ட ஆளைப் பற்றி என்ன சொல்வது? ஊரில் உள்ள பொக்கையெல்லாம் கண்டுபிடித்தவன்.

மறுநாள் படம் வந்தது. பத்திரிகையைக் கொண்டுவந்து செல்லியம்மாளுக்கு முன்னால் விரித்தான். அவள் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பார்த்தாள்.

"நல்லா இருக்குது. தூணுதான் பாதி மறஞ்சி போச்சி."

அவன் படத்தை மடித்தான். மடித்ததைத் திரும்பப் பிரித்தான். அந்த எட்டுப் பேரில் ஒருத்தரும் படத்தில் இல்லை. நேற்று இல்லாத வெட்கம் இப்போது வந்து உட்கார்ந்துகொண்டது. பார்வையைச் சுற்ற விட்டவன் கண்ணில் அரிசி டிரம் பட்டது. இன்னும் நடுவீட்டிலேயே நின்றது. டிரம் மட்டும் இல்லை. கட்டில் தள்ளிப் போட்டிருந்தது. துணிப்பெட்டி இந்தப் பக்கம் வந்திருந்தது. பின்சுவர் ஓரமாக மூன்று அடிக்கு ஒரு பொருள் இல்லை. எத்தனை மாதமாக இப்படி என்று அவனுக்குத் தெரியவில்லை.

எழுந்து போய் நடுவிரலை மடக்கித் தட்டினான். கட்டிய நாளிலிருந்து அந்தச் சுவரை அவன் தட்டியதே இல்லை, அவனே நின்று கட்டிய சுவர். இடுப்புக்கு மேலே, இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும், செத்த சத்தம்.

"செல்லி," என்றான். "இது எப்போத்திலேந்து?"

"போன மழையிலேந்து," என்றாள் அவள், அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டே. "நீ கேக்கவே இல்லையே."